அடங்கா அசைவு: காந்தத்தினுள் எழும் தற்சுழற்சி அலைகள்



இலக்கியமும் இலக்கணமும் ஒலிக்கும் மேடையில் இயற்பியல் பேச என்னை அழைத்த பேரவை, அழைக்கும்போதே ஒரு நிபந்தனையும் விதித்தது. கரும்பலகையில் சமன்பாடு எழுதக் கூடாது. சொல்லாலேயே விளக்க வேண்டும். முதலில் தயங்கினேன். பின்னர் எண்ணிப் பார்க்கையில், இத்துறைக்கு அது பொருத்தமான நிபந்தனையே என்று தோன்றியது. ஏனெனில் காந்தமாக்கத்தின் இயக்கத்தைச் சொல்லும் சமன்பாட்டில் ஓர் உறுப்பு உண்டு. அது மேலிருந்து எந்தக் கோட்பாட்டாலும் வருவிக்கப்பட்டதன்று; இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கணித்துக் கையால் சேர்க்கப்பட்டது. அதனை முதலில் ஒருவகையாக எழுதினார்கள். இருபதாண்டு கழித்து வேறுவகையாக எழுதினார்கள். அந்த ஓர் உறுப்பைப் பற்றியதே இன்றைய உரை என்று நீங்கள் கொள்ளலாம். அதன் பெயர் தணிவு.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய காந்தத்தை நாள்தோறும் காண்கிறோம். அதனினும் அசைவற்ற பொருளைக் காட்டுவது அரிது. ஆயினும் அதனுள் ஓய்வு என்பதே இல்லை. இவ்வரங்கின் வெப்பநிலையில் எந்தக் காந்தத்தினுள்ளும் எண்ணிலா அலைகள் எழுந்தவண்ணமும் அடங்கியவண்ணமும் இருக்கின்றன. அவ்வலைகள் இருக்கும் அளவுக்குக் காந்தத்தின் வலிமை குறைந்தே நிற்கிறது. முழுக் குளிரில் இரும்புக்கு இருக்கக்கூடிய காந்தமாக்கத்தில் ஏறத்தாழ நூற்றில் இரண்டு பங்கு, அறை வெப்பநிலையில் இல்லாமற்போகிறது. அந்த இரண்டு பங்கைக் கொண்டுசெல்பவை தற்சுழற்சி அலைகள்.

தற்சுழற்சி என்னும் சொல்லிலேயே சற்று நிற்க வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பழகிய சொல் இது. நானும் இதையே ஆள்கிறேன். ஆனால் இச்சொல் உண்மையைவிடச் சற்று மிகுதியாகச் சொல்லிவிடுகிறது. 1925ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஊலன்பெக், கௌட்ஸ்மித் என்னும் இரண்டு இளைஞர்கள், எலக்ட்ரான் தன்னைத்தானே சுற்றுகிறது என்று கொண்டால் நிறமாலையின் சில புதிர்கள் விடுபடும் என்று ஒரு குறுங்கட்டுரை எழுதினார்கள். முதியவர் லோரன்ட்ஸ் அதனைக் கணக்கிட்டுப் பார்த்தார். எலக்ட்ரான் ஓர் உருண்டையாக இருந்து அப்படிச் சுற்றினால், அதன் மேற்பரப்பு ஒளியின் வேகத்தைப் பன்மடங்கு விஞ்ச வேண்டும் என்று தெரிந்தது. கலங்கிய இளைஞர்கள் கட்டுரையைத் திரும்பப் பெற விரும்பினார்கள். அவர்களுடைய ஆசிரியர் எரன்பெஸ்ட் அதை ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தார். கட்டுரை வெளிவந்தது, கருத்தும் நிலைத்தது. ஆனால் அவர்கள் மனத்தில் வைத்திருந்த உருண்டை நிலைக்கவில்லை. எலக்ட்ரானுக்குச் சுழலும் பொருளுக்குரிய கோண உந்தம் உண்டு, அதனோடு பிணைந்த காந்தத் திருப்புத்திறனும் உண்டு. சுழல்வதற்கு ஒரு பொருள் உண்டா என்றால், நாம் அறிந்த வகையில் இல்லை. ஆங்கிலச் சொல்லும் இதே பிழையைச் சுமக்கிறது. ஆகவே சொல்லை மாற்ற வேண்டியதில்லை. சொல்லுக்குள் உருண்டையைத் தேடாதிருந்தால் போதும்.

கோண உந்தம் உண்டு என்பதால் விளைவது ஒன்று உண்டு. அதனைப் பம்பரம் அறியும். கிளந்தான் மாநிலத்துக் காசிங் பம்பர விளையாட்டைக் கண்டவர்கள் இவ்வவையில் இருப்பீர்கள். ஐந்து கிலோகிராமை ஒட்டிய எடையுடைய தட்டுப் போன்ற பம்பரத்தைக் கயிறு சுற்றி வீசி, சுழலும் பம்பரத்தை மரத்தட்டையால் ஏந்தி, குட்டையான கம்பத்தின் உலோக முனைமேல் ஏற்றி வைப்பார்கள். ஒரு மணி நேரத்திற்கு மேலும் அது சுழல்வதுண்டு. சுழலாத பம்பரம் சாய்ந்தால் விழும். சுழலும் பம்பரம் சாய்ந்தால் விழாமல், அதன் அச்சு வட்டமிடத் தொடங்கும். புவியீர்ப்பு கீழே இழுக்கிறது, பம்பரமோ பக்கவாட்டில் செல்கிறது. இவ்வியக்கத்தைத் தலையாட்டம் என்று அழைக்க விரும்புகிறேன். தலையாட்டுவதற்கு நம்மிடையே ஒப்புதல் என்றும் பொருளுண்டு என்பதை அறிவேன். காந்தமும் இறுதியில் ஒப்புக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால் உடனே அன்று.

எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறன் இவ்வாறே நடந்துகொள்கிறது. புறக் காந்தப்புலம் அதனைத் தன் திசைக்குத் திருப்ப முயலும்போது, அது திரும்பாமல் புலத்தைச் சுற்றி வட்டமிடுகிறது. ஒரு டெஸ்லா வலிமையுள்ள புலத்தில் நொடிக்கு ஏறத்தாழ 2,800 கோடி சுற்று. நம் நாட்டில் புவியின் காந்தப்புலம் ஏறத்தாழ 42 மைக்ரோடெஸ்லா; அதில்கூட நொடிக்கு ஏறத்தாழ 12 இலட்சம் சுற்று.

தனியொரு எலக்ட்ரானின் கதை இது. இரும்பில் இவை தனித்து இல்லை. இரும்பினுள் அணுக்கள் ஒன்றையொன்று ஒரே திசையில் நிறுத்திவைக்க வேண்டுமாயின், ஆயிரம் டெஸ்லா அளவிலான உட்புலம் வேண்டும் என்று 1907இல் பியேர் வைஸ் முன்வைத்த கோட்பாடு காட்டியது. அணுக்களிடையே உள்ள இயல்பான காந்த ஈர்ப்போ ஒரு டெஸ்லாவை ஒட்டியதே. இவ்விடைவெளிக்குக் காரணத்தை 1928இல் ஹைசன்பெர்க் தந்தார். காந்த விசையே இதற்குக் காரணமன்று. எலக்ட்ரான்களிடையேயான மின்விலக்கமும் ஒத்த எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்கலாகாது என்னும் விதியும் கூடி விளைவிக்கும் பரிமாற்ற இடைவினையே காரணம். காந்தத்தைக் காந்தமாக்குவது காந்த விசையன்று என்பது வியப்பானதுதான்.

இனிதான் நம் கதையின் நடுப்பகுதி. ஒரே திசையில் நிற்கும் இந்த அணிவகுப்பை வெப்பம் எப்படிக் குலைக்கிறது? ஒருவரை மட்டும் தலைகீழாகத் திருப்பிவிட்டால் இருபுறத்து அண்டையரோடும் அவர் முரண்படுவார். அதற்கு மிகுந்த ஆற்றல் செலவாகும். குறைந்த வெப்பநிலையில் அவ்வளவு ஆற்றல் கிடைப்பதரிது. ஆகவே காந்தம் ஏறத்தாழக் குறைவின்றி நிற்க வேண்டும் என்றது வைஸின் கோட்பாடு. அளவீடுகளோ அப்படிச் சொல்லவில்லை.

1930இல் இருபத்துநான்கு வயதைக் கடந்த ஃபெலிக்ஸ் பிளாக் என்னும் சுவிட்சர்லாந்து இளைஞர், அந்தத் தவற்றை ஒருவரே சுமக்க வேண்டியதில்லை என்று கண்டார். ஒரு முழுத் திருப்பத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு தற்சுழற்சியும் மிகச் சிறிதளவே சாய்ந்து தலையாட்டும். ஒன்றின் வட்டத்திற்கும் அடுத்ததன் வட்டத்திற்கும் மிகச் சிறிய பின்தங்கல் இருக்கும். காற்றில் செக்கிஞ்சான் நெல்வயலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: தாள்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன, அலை மட்டும் வயலைக் கடக்கிறது. தாள்கள் முன்னும் பின்னும் அசையும், தற்சுழற்சிகள் வட்டமிடும். அவ்வளவே வேறுபாடு. அண்டையர் இருவரிடையே முரண்பாடு மிகச் சிறிதாதலின் அலையின் ஆற்றல் மிகக் குறைவு. அலைநீளம் இரட்டித்தால் ஆற்றல் நான்கிலொரு பங்காகும். எனவே எத்துணைக் குறைந்த வெப்பத்திற்கும் ஏற்ற நீண்ட அலைகள் உண்டு. கதவு முழுவதும் மூடப்படுவதே இல்லை.

இதிலிருந்து பிளாக் பெற்ற விதி எளிது. குறைந்த வெப்பநிலைகளில் வெப்பநிலையை நான்கு மடங்காக்கினால் காந்தமாக்கத்தின் இழப்பு எட்டு மடங்காகும். அளவீடுகள் அவர் பக்கமே நின்றன. இதே கணக்கை ஒற்றை வரிசையாகவோ ஒற்றைப் படலமாகவோ அமைந்த அணுக்களுக்குச் செய்தால், அலைகள் கட்டுக்கடங்காமல் பெருகி ஒழுங்கே நிலைக்காது என்பதையும் அவர் கண்டார். காந்தம் காந்தமாக இருப்பதற்கு நாம் வாழும் முப்பரிமாணமும் ஒரு காரணம் என்றால் மிகையன்று. படிகத்தின் திசைச்சார்பு போன்ற வேறு பிடிப்பு இருந்தால் மட்டுமே படலங்களுக்கு விலக்கு. அலையின் குவாண்டம் துணுக்குக்குப் பின்னர் மேக்னான் என்று பெயர் வந்தது. ஒரு மேக்னான் எழுந்தால் மொத்தத் தற்சுழற்சியில் ஒரு திருப்பத்தின் அளவு குறையும்.

காணாத அலையை நம்புவது எப்படி என்று கேட்பீர்கள். 1957இல் கனடாவின் சாக் ரிவர் அணு உலையில் பெர்ட்ராம் புரொக்ஹவுஸ், மேக்னடைட் படிகத்தின்மீது நியூட்ரான்களைச் செலுத்தினார். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. ஆனால் காந்தத் திருப்புத்திறன் உண்டு. படிகத்தினுள் ஓர் அலையை எழுப்பினால் நியூட்ரான் அந்த அளவு ஆற்றலை இழந்து, அதற்கேற்ற திசையில் விலகி வெளிவரும். இழந்த ஆற்றலையும் விலகிய கோணத்தையும் அளந்தால் அலையின் ஆற்றலும் அலைநீளமும் கையில் கிடைக்கும். மேக்னடைட் என்பது பழங்காலத்தார் கண்டெடுத்த அதே காந்தக்கல் என்பது எனக்கு எப்போதும் உவப்பான செய்தி. புரொக்ஹவுஸுக்கு 1994இல் நோபல் பரிசின் பங்கு வந்தது. முப்பத்தேழு ஆண்டுக் காத்திருப்பு.

இப்போது தணிவுக்கு வருவோம். இதுவரை சொன்ன தலையாட்டத்திற்கு முடிவே இல்லை. அதுமட்டும் உண்மையாயின், காந்தமாக்கம் புலத்தின் திசைக்குத் திரும்பவே திரும்பாது. காந்தத் தட்டில் எழுதிய எந்தச் செய்தியும் நிலைபெறாது. 1935இல் கார்கிவ் நகரில் லெவ் லாந்தௌவும் எவ்கேனி லிஃப்ஷிட்சும் காந்தமாக்கத்தின் இயக்கத்திற்கு ஒரு சமன்பாட்டை அமைத்தார்கள். முன்னவருக்கு வயது இருபத்தேழு, பின்னவருக்கு இருபது. சமன்பாட்டின் முதல் உறுப்பு தலையாட்டம். இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: காந்தமாக்கத்தைச் சிறிது சிறிதாகப் புலத்தின் திசைக்குச் சாய்க்கும் உறுப்பு. இரண்டும் சேரும்போது காந்தமாக்கத்தின் முனை, வட்டம் குறுகிக் குறுகிச் சுருள்வழியில் புலத்தை வந்தடைகிறது.

இவ்வுறுப்பு தணிவு சிறிதாக இருக்கும்வரை நன்றாகவே உழைத்தது. தணிவு மிகும்போதுதான் பழுது தெரிந்தது. அவ்வுறுப்பின் அளவைக் கூட்டக் கூட்டக் காந்தமாக்கம் மேலும் விரைந்து புலத்தை அடையும் என்றது சமன்பாடு. தண்ணீரைவிடத் தேனில் கரண்டி விரைந்து செல்லும் என்று சொல்வதை ஒத்தது இது. டி. எல். கில்பர்ட் என்னும் அமெரிக்கர், தணிவு புலத்தைப் பொறுத்ததாக இருக்கலாகாது, காந்தமாக்கம் மாறும் வேகத்தைப் பொறுத்ததாக இருக்க வேண்டும் என்று அமைத்தார். பாகுத்தன்மையுள்ள நீர்மத்தில் அசையும் பொருளுக்கு உரிய முறை அது. தணிவு சிறிதாயின் இரண்டு வடிவங்களும் ஒன்றே; பெரிதாயின் கில்பர்ட்டின் வடிவமே அறிவுக்கு ஒத்தது. தணிவு மிகச் சிறிதானால் காந்தமாக்கம் வீணே சுற்றிக்கொண்டிருக்கும். மிகப் பெரிதானால் தேனில் சிக்கியதுபோல் ஊரும். இடையில் ஓர் அளவில்தான் மிக விரைந்து புலத்தை அடையும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1955இல் இக்கருத்து மாநாட்டுச் சுருக்கமாக மட்டுமே அச்சேறியது. உலகெங்கும் காந்தவியலார் அச்சிறு சுருக்கத்தையே சுட்டிக்காட்டி வந்தார்கள். முழுமையான கட்டுரை ஆய்விதழில் வெளிவந்தது 2004இல்தான். ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஒரு துறை தன் அடிப்படைச் சமன்பாட்டை ஒரு சுருக்கத்தின்மேல் நிறுத்தி வைத்திருந்தது. ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் அறிஞரை அளக்கும் இக்காலத்தில் இதனை நினைவூட்டுவதில் எனக்குச் சிறிது மகிழ்ச்சி.

ஓர் இடைப்பிறவரல். தணிவை முற்றாக நீக்கிவிட்டு, அணுக்களின் வரிசையைத் தொடர்ச்சியான ஒரு கோடாகக் கொண்டால் இச்சமன்பாடு என்ன ஆகும்? பின்னாளில் திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய இயற்பியலறிஞர் மு. இலட்சுமணன் 1977இல் இதற்கு விடை தந்தார். வெளியில் அசையும் ஒரு கயிற்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வோரிடத்திலும் வளைவு இவ்வளவு, முறுக்கு இவ்வளவு என்று அளக்கலாம். ஒவ்வொரு தற்சுழற்சியின் திசையையும் கயிறு அவ்விடத்தில் செல்லும் திசையாகக் கொண்டால், ஆற்றல் எவ்வாறு பரவியிருக்கிறது என்பதை வளைவு சொல்கிறது. ஆற்றல் எவ்வாறு ஓடுகிறது என்பதற்கு முறுக்கும் வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, காந்தத்தின் கடினமான சமன்பாடு, ஒளியிழைத் துடிப்புகளையும் ஆழ்நீர் அலைகளையும் விளக்கும் வேறொரு சமன்பாடாகவே மாறிவிடுகிறது. அதற்குத் துல்லியமான தீர்வுகள் உண்டு. அவற்றுள் வடிவம் குலையாமல் செல்லும் தனியலைகளும் உண்டு. அவ்வாண்டிலேயே சோவியத் நாட்டில் தாக்தஜான் வேறு வழியில் இம்முடிவை எட்டினார். சாய்வு மிகச் சிறிதாக இருக்கும்போது பிளாக்கின் அலை, பெரிதாகும்போது இத்தனியலை. தணிவைத் திரும்பச் சேர்த்தால் இரண்டும் மெல்ல அழியும்.

எவ்வளவு விரைவில் அழியும் என்பது பொருளைப் பொறுத்தது. நிக்கலும் இரும்பும் கலந்த பெர்மல்லாய் உலோகத்தில் கில்பர்ட் தணிவெண் ஏறத்தாழ நூற்றில் ஒன்று. இருபது சுற்றுக்குள் தலையாட்டத்தின் வீச்சு பாதிக்கும் கீழாகிவிடும். 1956இல் பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் பெர்ட்டோவும் ஃபோராவும் கண்டறிந்த யிட்ரியம் இரும்புக் கார்னெட் என்னும் படிகத்தில் இவ்வெண் பத்தாயிரத்தில் ஒன்று. நல்ல படிகத்தில் அதனினும் குறைவு. அங்கே அலை ஆயிரம் சுற்றுகளுக்கு மேல் வாழ்கிறது; சென்டிமீட்டர் தொலைவும் செல்கிறது. காரணம் இரண்டு. இது மின்கடத்தாப் பொருள். அலையின் ஆற்றலைப் பறித்துச் செல்லக் கட்டற்ற எலக்ட்ரான்கள் இல்லை. மேலும் இதிலுள்ள இரும்பு அயனிக்குச் சுற்றுப்பாதைக் கோண உந்தம் இல்லை. ஆதலால் தற்சுழற்சிக்கும் படிகத்தின் அதிர்வுகளுக்கும் இடையே உள்ள கயிறு மிகத் தளர்வானது. தணிவு என்பது உண்மையில் அக்கயிறுதான். அதன்வழியே காந்தத்தின் ஒழுங்கான அசைவு, படிகத்தின் ஒழுங்கற்ற வெப்பமாகக் கசிகிறது.

இதனால் என்ன பயன் என்னும் கேள்விக்கு விடை, எதற்கு வேண்டும் என்பதைப் பொறுத்தது. பினாங்கும் சிங்கப்பூரும் நெடுங்காலம் வன்தட்டுத் தொழிலின் களங்களாக இருந்தன. வன்தட்டில் ஒரு துகளின் திசையைத் திருப்பி எழுதியவுடன் அது ஆடாமல் அடங்க வேண்டும். ஆகவே அங்கே தணிவு நண்பன். 1996இல் ஸ்லொன்செவ்ஸ்கியும் பெர்கரும் தனித்தனியே கணித்த வேறொரு முறையில், ஒரே திசையில் தற்சுழற்சி கொண்ட எலக்ட்ரான்களைப் பாய்ச்சித் தணிவுக்கு எதிராகத் தள்ளி, காந்தத்தைத் திருப்பலாம். இன்றைய காந்த நினைவகச் சில்லுகள் இவ்வழியே எழுதப்படுகின்றன. அங்கே தணிவு மிகுந்தால் மின்னோட்டம் மிகுதியாக வேண்டும். ஆகவே தணிவு பகை.

அலையையே கணிப்புக்குப் பயன்படுத்த விழைவோர்க்கோ தணிவு முதற்பகை. அவர்கள் விழைவுக்குக் காரணம் நம் அருகிலேயே உள்ளது. சிங்கப்பூர் 2019இல் புதிய தரவு மையங்களுக்கு இசைவளிப்பதை நிறுத்திவைத்து, 2022இல் கட்டுப்பாடுகளோடு மீண்டும் தொடங்கியது. இடைக்காலத்தில் ஜொகூரில் அத்தகைய மையங்கள் பெருகின. அவற்றின் மின்செலவில் பெரும்பங்கு வெப்பமாகவே முடிகிறது. அவ்வெப்பத்தைத் தணிக்க மேலும் மின்சாரமும் நீரும் வேண்டும். எலக்ட்ரான்கள் உலோகத்தினுள் ஓடி முட்டி மோதுவதே இவ்வெப்பத்தின் ஒரு பெரும் ஊற்று. தற்சுழற்சி அலையிலோ எலக்ட்ரான் இடம்பெயர்வதில்லை. செய்தி மட்டும் செல்கிறது. ஐந்து ஜிகாஹெர்ட்ஸ் வானொலி அலையின் நீளம் ஆறு சென்டிமீட்டர். அதே அதிர்வெண்ணுடைய தற்சுழற்சி அலையைச் சில மைக்ரோமீட்டருக்குள்ளும் அதற்குக் கீழேயும் அடக்கலாம். ஆகவே சில்லுக்குள் அலைகளை ஒன்றோடொன்று சந்திக்கவைத்து, முகடு முகட்டோடு கூடுகிறதா, முகடு பள்ளத்தால் அழிகிறதா என்பதைக் கொண்டே கணக்கிட முடியும். மூன்று அலைகள் கூடினால் பெரும்பான்மை எப்பக்கமோ, கூடிய அலையும் அப்பக்கம். பல டிரான்சிஸ்டர்கள் செய்யும் வேலை அது. 2014இல் ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் நகரில் சூமக், செர்கா, ஹில்லெபிராண்ட்ஸ் ஆகியோர், கார்னெட் படலத்தில் ஓர் அலைவரிசையை மற்றோர் அலைவரிசையால் தடுத்து நிறுத்தி, மேக்னான்களால் இயங்கும் டிரான்சிஸ்டர் ஒன்றைக் காட்டினார்கள்.

இவ்விடத்தில் என் கருத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெப்பமே இல்லாக் கணினி என்று செய்தித்தாள்கள் எழுதுவதை நான் ஏற்கவில்லை. படலத்தினுள் அலையின் பயணம் மலிவானதே. ஆனால் மின்குறிப்பை அலையாக மாற்றும் வாயிலிலும், அலையை மீண்டும் மின்குறிப்பாக மாற்றும் வாயிலிலும் கட்டும் சுங்கம் மிகப் பெரிது. சிறிய அலைவாங்கிகள் தரும் ஆற்றலில் மிகச் சிறுபங்கே அலையாகிறது. வழியில் மிச்சம் பிடித்ததை வாயிலில் இழப்பதாயின் பயன் இல்லை. மேலும், சிறந்த கார்னெட் படலங்கள் கடோலினியம் காலியம் கார்னெட் என்னும் தனிப் படிகத்தின்மேல்தான் வளர்கின்றன. சிலிக்கான்மேல் அதே தரத்தில் அவற்றை வளர்ப்பது எளிதாக இல்லை. இவ்விரண்டு முடிச்சுகளும் அவிழும்வரை, தற்சுழற்சி அலையின் இயல்பான இடம் கணினியைக் காட்டிலும் நுண்ணலை வடிகட்டிகளிலும் அளவுக் கருவிகளிலும் உள்ளது என்றே கருதுகிறேன். அங்கே அது பல ஆண்டுகளாக அமைதியாக வேலை செய்து வருகிறது.

கையால் சேர்த்த அந்த உறுப்பின் கதை என்னவாயிற்று என்பதைச் சொல்லி அமைகிறேன். 1970 தொடங்கிச் செக் நாட்டு அறிஞர் கம்பெர்ஸ்கி, உலோகங்களில் தணிவு எவ்வாறு எழுகிறது என்பதை எலக்ட்ரான்களின் நிலைகளிலிருந்தே விளக்கினார். காந்தமாக்கம் திரும்பும்போது, தற்சுழற்சிக்கும் சுற்றுப்பாதைக்கும் உள்ள பிணைப்பால் எலக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகளும் ஏறி இறங்குகின்றன, எலக்ட்ரான்கள் அவற்றுக்கேற்ப இடம்மாறச் சிறிது தாமதிக்கின்றன, அத்தாமதமே உராய்வு. இவ்வழியில் இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகியவற்றின் தணிவெண்ணைக் கணினியால் கணக்கிட்டால், அளவீட்டை ஒட்டிய விடையே கிடைக்கிறது. 1935இல் ஊகித்துச் சேர்த்ததற்கு இன்று முகவரி உண்டு.